ரேடியோ அண்ணியின் நேர்காணல்

என் அண்ணிக்கு அவர் வேலை பார்க்கும் அறையில் ரேடியோ என்று பெயர். இதை எங்கள் வீட்டில் வந்து சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். விருந்தாளி வந்தால் அண்ணி சமையலறைக்குள் போய்விடுவார். கடைக்காரர் அழுகிய தக்காளியைப் போட்டுக் கொடுத்துவிட்டால் திருப்பிக் கேட்க மாட்டார், அண்ணனை அனுப்புவார். அண்ணன் என்னை அனுப்புவார். மூன்றாம் மனிதர் முன்னால் அண்ணி சேர்ந்தாற்போல இரண்டு வாக்கியம் பேசி இருபது வருஷத்தில் நான் கேட்டதில்லை.

ஆனால் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் அவர் வாய் ஓயாது. அறுவை சிகிச்சைக்கான கத்தரி, இடுக்கி, கிண்ணம் எல்லாவற்றையும் கழுவி, துணியில் பொட்டலமாகக் கட்டி, நீராவி இயந்திரத்தில் வேகவைத்துக் கிருமி நீக்கி மேல் மாடிக்கு அனுப்பும் அறை அது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. எதைப் பார்த்தாலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "வளைஞ்ச கத்தரி நாலு" என்று ஒருவர் சொன்னால், பக்கத்தில் இருப்பவர் தன் கண்ணால் பார்த்துவிட்டு "சரி" என்று சொல்ல வேண்டும். அந்தச் "சரி" விழாமல் பொட்டலம் கட்டக் கூடாது. இயந்திரத்தில் அபாய மணி அடித்தால் அதற்கும் ஒரு முறை வைத்திருந்தார்கள். முதலில் கையை எடு, பிறகு பார், பார்த்ததைச் சொல், அப்புறம் தொடு. மணி அடித்ததும் பதறிப்போய்க் கதவைத் திறந்து முகம் வெந்துபோனவர்கள் இருக்கிறார்களாம்.

பதினேழு வருஷமாக அண்ணி அங்கே இருக்கிறார், அத்தனை வருஷமும் ஒப்பந்த ஊழியராக. இந்த வருஷம் ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு ஞானம் பிறந்து, அந்த அறைக்கு நிரந்தரப் பொறுப்பாளர் ஒருவரை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். ஒரே ஒரு இடம். அதே கையோடு, மாதக் கடைசியில் பழைய ஒப்பந்தம் முடிகிறது, புதிதாக வரும் நிறுவனம் தன் ஆட்களைக் கொண்டுவந்துவிடும் என்றும் சொல்லிவிட்டார்கள். ஆக, நேர்காணலில் தேறினால் ஓய்வு பெறும் நாள் வரை அண்ணி அந்த அறையிலேயே இருக்கலாம். தேறாவிட்டால் நாற்பத்தாறு வயதில் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

"நேர்காணல்" என்ற சொல்லைக் கேட்டதும் அண்ணியின் முகம் வெளுத்துவிட்டது. அதற்குக் காரணம் இருந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால் இதே ஆஸ்பத்திரியில் நிரந்தர உதவியாளர் வேலைக்கு ஒரு நேர்காணல் நடந்தது. அன்று துணைக்குப் போனவன் நான்தான். உள்ளே போன அண்ணி மூன்று நிமிஷத்தில் வெளியே வந்தார். பெயரைக் கேட்டார்களாம். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டதாம். கொஞ்ச நேரம் அவர்கள் இவரைப் பார்த்தார்கள், இவர் அவர்களைப் பார்த்தார். பிறகு எழுந்து கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார். வீடு வரைக்கும் பேருந்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. நான்தான் வாய் வலிக்க ஆறுதல் சொல்லிக்கொண்டு வந்தேன். இப்போது நினைத்தால் அது அவருக்கு எவ்வளவு எரிச்சலாக இருந்திருக்கும் என்று தெரிகிறது.

ஆகவே இந்த முறை பயிற்சிப் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். நேர்காணல் விஷயத்தில் எங்கள் குடும்பத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பதினொரு நேர்காணலில் தோற்று, பன்னிரண்டாவதில் காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தா ஆனவன் நான். தோற்ற அனுபவமும் அனுபவம்தானே.

சாப்பாட்டு மேசையைக் கூடத்தின் நடுவில் இழுத்துப் போட்டோம். நான் நண்பன் கல்யாணத்துக்குக் கட்டிய டையைக் கட்டிக்கொண்டு நடுவில் உட்கார்ந்தேன். கல்லூரியில் படிக்கும் அண்ணன் மகள் தன் தோழியின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பள்ளிக்கூட வேன் ஓட்டும் அண்ணனுக்கு வாசலில் நின்று பெயர் கூப்பிடும் வேலை.

"அடுத்தவங்க வரலாம்" என்று அண்ணன் குரல் கொடுத்தார்.

அண்ணி வந்தார். உட்கார்ந்தார். மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"உங்களைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க" என்றேன் அதிகாரத் தோரணையோடு.

அண்ணி என்னைப் பார்த்தார். நான் அவருடைய கொழுந்தன். என் சட்டைக்குப் பொத்தான் தைத்துத் தந்தவர், நான் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொடுத்தவர். அப்படிப்பட்டவருக்கு என் முன்னால் பேச்சு வரவில்லை.

"பால் பொங்குதுன்னு நினைக்கிறேன்" என்று எழுந்து போய்விட்டார்.

அடுப்பில் பாலே இல்லை.

நான்கு நாள் இதே கதை. புத்தகக் கடையில் வாங்கிய நேர்காணல் கையேட்டை நான் கரைத்துக் குடித்திருந்தேன். முதுகை நேராக வைக்க வேண்டும், புன்னகைக்க வேண்டும், கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. மூன்றையும் ஒரே நேரத்தில் செய்தபோது அண்ணி பல் வலிக்காரர் போல இருந்தார். மூச்சை நான்கு எண்ணும்வரை இழுத்து, நான்கு எண்ணும்வரை நிறுத்தி, நான்கு எண்ணும்வரை விடச் சொன்னேன். தலை சுற்றுகிறது என்று படுத்துவிட்டார். அந்தக் கையேட்டை எழுதியவன் என் கையில் கிடைத்தால் நான்கு எண்ணும் வரைகூடக் காத்திருக்க மாட்டேன்.

ஐந்தாம் நாள் விடுமுறை. அண்ணி கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் படுத்துக் கிடந்த மகள் சும்மா கேட்பதுபோல, "ஏம்மா, பொட்டலம் ஈரமா வெளிய வந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டாள்.

"ஈரமா வந்தா அது சுத்தம் இல்லன்னு அர்த்தம். பாக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா ஈரத் துணி வழியா கிருமி உள்ள போயிடும். பிரிச்சு, துணிய மாத்தி, மறுபடியும் முதல்லேருந்து வைக்கணும். அவசரம்னு மேல இருந்து ஆள் வந்து நின்னாலும் குடுக்கக் கூடாது. ஏன் ஈரமாச்சுன்னும் பாக்கணும். நெருக்கி அடுக்கினியா, கதவ சீக்கிரம் திறந்தியா, இல்ல ஆவியிலயே தண்ணி வருதான்னு."

குழாயைத் திறந்துவிட்டாற்போல வந்தது. கைகள் தம்பாட்டுக்கு மடித்துக்கொண்டிருந்தன. மகள் அடுத்தடுத்துக் கேட்க, இருபது நிமிஷம் அண்ணி பேசினார். கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த நான் அசந்துபோனேன். நான் எழுதிக் கொடுத்த பதில்களில் ஒன்றுகூட இதன் பக்கத்தில் வர முடியாது.

"பாத்தீங்களா சித்தப்பா, கையில வேலை இருந்தா அம்மா பேசுறாங்க" என்றாள் மகள்.

"அதுக்காக நேர்காணலுக்குத் துணிக்கூடையத் தூக்கிட்டுப் போக முடியுமா?" என்று நான் சிடுசிடுத்தேன். கண்டுபிடித்தது நான் இல்லை என்ற வயிற்றெரிச்சலும் அதில் கொஞ்சம் இருந்தது.

இதைவிட என்னைக் கலக்கிய விஷயம் வேறு ஒன்று. ஆறு வருஷத்துக்கு முன்னால் அண்ணிக்கு ஆஸ்பத்திரியில் ஒரு குற்றக் குறிப்பாணை, அதாவது மெமோ, கொடுத்திருந்தார்கள். என்ன ஏது என்று வீட்டில் யாரும் விவரமாகக் கேட்டதில்லை. அது அவருடைய கோப்பில் இருக்கிறது. நேர்காணல் நடத்துகிறவர்கள் அதைப் பார்க்காமல் இருக்க மாட்டார்கள்.

"அதப் பத்திக் கேட்டா, சின்ன கவனக்குறைவு, இனிமே நடக்காதுன்னு முடிச்சிடுங்க அண்ணி. நீங்களா எதையும் நீட்டாதீங்க. உங்க குறை என்னன்னு கேட்டா, எனக்கு வேலைன்னா அளவுக்கு மீறின ஈடுபாடு, அதுதான் குறைன்னு சொல்லுங்க."

"அது குறையா தம்பி?"

"இல்ல. ஆனா அப்படித்தான் சொல்லணும்."

"நீங்க அப்படிச் சொல்லியிருக்கீங்களா?"

"ஏழு நேர்காணல்ல சொல்லியிருக்கேன்."

"வேலை கிடைச்சுதா?"

நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

நேர்காணலன்று மீண்டும் நான்தான் துணைக்குப் போனேன். அண்ணன் வேனை விட்டுவிட்டு வர முடியாது. நிர்வாகப் பிரிவின் நடைபாதையில் பச்சை நிற நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தார்கள். ஆறு பேர் வந்திருந்தார்கள். அதில் ஒரு இளம் பெண் பட்டயப் படிப்புச் சான்றிதழ்களைத் தடித்த கோப்பில் வைத்திருந்தாள். இன்னொருவர் வேறு பெரிய ஆஸ்பத்திரியில் இருந்து வந்தவர், காலை ஆட்டிக்கொண்டே தொலைபேசியில் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அண்ணியின் கோப்பில் நான்கு தாள்கள் இருந்தன. அவர் கையைத் தொட்டுப் பார்த்தேன், ஐஸாகக் குளிர்ந்திருந்தது. கழிப்பறைக்கு நான்கு முறை போய் வந்தார். நானும் இரண்டு முறை போய் வந்தேன். உள்ளே போகப்போவது நான் இல்லை என்பதை அடிக்கடி நினைவுபடுத்திக்கொண்டேன்.

அண்ணியைக் கடைசியாகக் கூப்பிட்டார்கள். கதவைச் சாத்தினார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று நிமிஷம் கடந்தது. ஐந்து கடந்தது. பத்து கடந்ததும் என்னால் உட்கார முடியவில்லை. முப்பத்தைந்து நிமிஷம் கழித்துத்தான் கதவு திறந்தது.

உள்ளே நடந்ததில் பாதியை அண்ணி பேருந்தில் சொன்னார். மீதியை, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மூவரில் ஒருவரான தலைமைச் செவிலியர் பின்னொரு நாள் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். இரண்டையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன்.

நடுவில் நிர்வாக அதிகாரி இருந்தார். ஒரு பக்கம் மூத்த அறுவை மருத்துவர், இன்னொரு பக்கம் தலைமைச் செவிலியர். முதல் கேள்வியே அண்ணியின் எமனாக வந்தது.

"உங்களைப் பத்திச் சொல்லுங்கம்மா."

அண்ணி வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. எட்டு வருஷத்துக்கு முந்தைய அதே மௌனம். அரை நிமிஷம் ஆனது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். காதுக்குள் மணி அடிப்பது போல இருந்தது என்றார் அண்ணி. அந்த மணிதான் அவரைக் காப்பாற்றியது. மணி அடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவர் உடம்புக்குத் தெரியும்.

முதலில் கையை மேசையில் இருந்து எடுத்து மடியில் வைத்தார். பிறகு பார்த்தார். பிறகு, பார்த்ததை வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தார்.

"மேசை ஒண்ணு. அந்தப் பக்கம் மூணு பேர். இந்தப் பக்கம் ஒருத்தர். கதவு சாத்தியிருக்கு. தண்ணி ஒரு டம்ளர், யாரும் குடிக்கல. சார் பேனா மூடியக் கழட்டாம எழுதுறாரு."

அதிகாரி தன் பேனாவைப் பார்த்தார். மூடியோடுதான் இருந்தது. தாளில் ஒரு எழுத்து இல்லை. மருத்துவர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

"என்னம்மா இது?" என்றார் அதிகாரி.

அண்ணி நிறுத்தவில்லை. "கேள்வி ஒண்ணு நிக்குது. பதில் இன்னும் வரல" என்று முடித்துவிட்டு, பழக்கப்படி காத்திருந்தார்.

தலைமைச் செவிலியர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரண்டு வருஷம் அதே கீழ்த்தள அறையில் இருந்தவர். தன்னை அறியாமல் அவர் வாயில் இருந்து வந்துவிட்டது: "சரி."

அவ்வளவுதான், அண்ணிக்கு நாக்கு அவிழ்ந்துவிட்டது. பெயர், வயது, பதினேழு வருஷம், அறையில் எத்தனை இயந்திரம், எதற்கு எந்த நாளில் கோளாறு வரும் என்று எல்லாம் வந்தது. மருத்துவர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொன்னதோடு நிற்காமல், மேல் மாடியில் கத்தரிகளை ரத்தம் காயும்வரை போட்டு வைக்கிறார்கள், அதனால்தான் மூட்டு துருப்பிடிக்கிறது, ஈரத் துணி போட்டு மூடிவைக்கச் சொல்லுங்கள் என்று அவருக்கே ஒரு வேலை கொடுத்தார்.

அப்போது அதிகாரி பேனா மூடியைக் கழற்றிவிட்டு, கோப்பில் இருந்து ஒரு தாளை எடுத்தார். குறிப்பாணை.

"இது என்னம்மா?"

நான் சொல்லிக்கொடுத்த பதில் நினைவுக்கு வந்ததாம். சின்ன கவனக்குறைவு, இனிமேல் நடக்காது. அதைச் சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும்.

"அது சின்னது இல்ல சார்" என்றார் அண்ணி. "வேகாத பொட்டலம் ஒண்ண வெந்ததுங்க பக்கத்துல வச்சிட்டேன். பொட்டலத்து மேல ஒட்டுற பட்டையில கோடு இருக்கும். ஆவி பட்டா கறுப்பாகும். அது கறுப்பாகல. நான் அதப் பாக்காமலே பாத்ததாச் சொன்னேன். அது மேல போயிடுச்சு. சாயங்காலம் ஏட்டுல எழுதும்போது, இயந்திரத்துல வச்சது இருபத்திரெண்டு, அலமாரியிலேருந்து போனதும் இருந்ததும் சேத்து இருபத்துமூணு. அப்பத்தான் தெரிஞ்சுது."

"அப்புறம்?"

"ஓடினேன் சார். மின்தூக்கி வரல, படியில ஓடினேன். மூணு மாடி. உள்ள ஒரு ஆள மேசையில படுக்க வச்சு மயக்கம் குடுத்தாச்சு. நான் உள்ள போகக் கூடாது. வாசல்ல நின்னு கத்தினேன். அந்தப் பொட்டலத்தத் திறக்காதீங்க, அது வேகல, தப்பு என்னோடதுன்னு. எல்லாத்தையும் நிறுத்திட்டு வேற பொட்டலம் குடுத்தாங்க. நாப்பது நிமிஷம் தாமதம். அதுக்குத்தான் இந்தத் தாள்."

"மேல இருந்த செவிலியர் பட்டையப் பாத்திருப்பாங்களே" என்றார் மருத்துவர்.

"பாத்திருக்கலாம் டாக்டர். பாக்காமலும் இருந்திருக்கலாம். நானே பாக்காமத்தானே விட்டேன்."

"நீங்க சொன்னதுக்குச் 'சரி' சொன்னது யாரு?" என்று கேட்டார் தலைமைச் செவிலியர்.

"அது அவங்க சொல்ல வேண்டியது மேடம். என் பங்க நான் சொல்லிட்டேன்."

அதிகாரி தாளை மேசையில் வைத்தார். நீங்கள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இந்தத் தாளே வந்திருக்காது, இன்று உங்கள் கோப்பு சுத்தமாக இருந்திருக்கும், இதெல்லாம் தெரிந்தும் இன்றைக்கு அப்படி நடந்தால் மறுபடியும் ஓடுவீர்களா என்று கேட்டார்.

"ஓடுவேன் சார்" என்றார் அண்ணி. "இப்ப முழங்கால் வலி இருக்கு. கொஞ்சம் மெதுவா ஓடுவேன்."

இதைப் பேருந்தில் சொல்லும்போது அண்ணியின் கை சாதாரணமாகச் சூடாக இருந்தது. எப்படி அண்ணி பயமில்லாமல் இதையெல்லாம் சொன்னீர்கள் என்று கேட்டேன். "அன்னைக்கு அந்த வாசல்ல நின்னப்போ பயந்தேன் தம்பி. மேசையில ஒரு உசிரு இருந்துச்சு. இன்னைக்கு மேசையில ஒரு டம்ளர் தண்ணிதானே இருந்துச்சு" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இவருக்கு நான் அமைதியாக இருக்கக் கற்றுக்கொடுத்தேனாம், டை கட்டிக்கொண்டு.

பதினொரு நாள் கழித்து ஆஸ்பத்திரி முத்திரையோடு உறை வந்தது. அண்ணி அதைப் பிரிக்க மாட்டேன் என்று என்னிடம் நீட்டினார். அண்ணன் வேனில் இருந்து இறங்கிய உடையிலேயே நின்றார். மகள் என் தோள் வழியாக எட்டிப் பார்த்தாள். நான் முதல் வரியைப் படித்தேன். வேலை அண்ணிக்குத்தான். மகள் அண்ணியைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாள். அண்ணன் என்ன செய்வது என்று தெரியாமல் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"மீதியும் படிங்க தம்பி" என்றார் அண்ணி. எதையும் கடைசி வரி வரை பார்க்காமல் விடுகிறவர் இல்லை அவர்.

படித்தேன். சேரும் நாள், நேரம், விடுப்பு விதிகள். கடைசியில், ஆறு மாத காலம் தகுதிகாண் பருவம் என்று இருந்தது.

"அப்படின்னா?"

"ஒண்ணுமில்ல அண்ணி. எல்லாருக்கும் போடுறதுதான். நீங்க எப்படி வேலை செய்யுறீங்கன்னு ஆறு மாசம் பாப்பாங்க. பாத்துட்டு நிரந்தரம் பண்ணுவாங்க."

அண்ணியின் சிரிப்பு அப்படியே நின்றது. கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலத்தான் கேட்டார்.

"அப்ப இந்தப் பதினேழு வருஷம் என்னை யாரும் பாக்கலையா?"

மகள் கையை எடுத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்காரர்களைத் திட்ட வாய் வந்தது, ஆனால் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? அந்த மூன்று மாடிப் படிகளை அவர் ஓடி ஏறிய அன்று மாலையும் வீட்டுக்கு வந்து எங்களுக்குச் சமைத்திருக்கிறார். நாங்கள் சாப்பிட்டிருக்கிறோம். உப்பு கூட, உப்பு குறைய என்று ஏதாவது சொல்லியும் இருப்போம். வெட்கமாக இருந்தது.

அண்ணன்தான் பேசினார். பதினேழு வருஷமாக அவரை அந்த வாசலில் இறக்கிவிட்டு அப்படியே வேனைத் திருப்பிக்கொண்டு போகிற மனுஷன்.

"நாளைக்கு நான் வந்து பாக்கட்டுமா? உள்ள விடுவாங்களா?"

"உள்ள விட மாட்டாங்க" என்றார் அண்ணி. அண்ணன் முகம் வாடியதைப் பார்த்திருக்க வேண்டும். "கண்ணாடி ஜன்னல் ஒண்ணு இருக்கு. அங்க நின்னு பாக்கலாம். காலையில எட்டு மணிக்கு வாங்க. இயந்திரத்துலேருந்து முதல் அடுக்குப் பொட்டலம் அப்பத்தான் வெளிய வரும்."

மறுநாள் அண்ணன் வேனுக்கு மாற்றாள் போட்டார். நான் அலுவலகத்துக்கு விடுப்பு சொன்னேன். மகள் கல்லூரிக்குப் போகவில்லை. கீழ்த்தள நடைபாதையில் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நாங்கள் மூன்று பேரும் நெருக்கியடித்து நின்றோம். தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு அண்ணி இயந்திரத்துக்கு முன்னால் நின்றார். வாய் அசைந்துகொண்டே இருந்தது, சத்தம் எங்களுக்குக் கேட்கவில்லை. நாங்கள் வந்து நிற்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் கடைசிப் பொட்டலத்தை அலமாரியில் வைத்து முடிக்கும்வரை அவர் எங்கள் பக்கம் திரும்பவில்லை. அண்ணன் கண்ணாடியில் மூச்சுப் படிந்த இடத்தைச் சட்டைக் கையால் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.